‘நல்லசாமி தலையாட்டினார்’ என்ற வாக்கியம்

1

இந்தக் கதை என்னிடம் ஓர் ஓவராலாக வந்து சேர்ந்தது. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனவில் கதை வருகிறது, மழையில் கதை வருகிறது என்று சொல்லும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். எனக்கு ரந்தாவ் கடைத்தெருவில் ஒரு தையல் கடை இருக்கிறது. எனக்கு வருவதெல்லாம் பிளாஸ்டிக் பையில்தான் வரும்.

ஷாமினி பையைக் கவிழ்த்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக, ஆரஞ்சு நிறத்தில் ஓர் உடுப்பு மேசையில் விழுந்தது. இருப்பதிலேயே சின்ன அளவாம். உள்ளே இரண்டு ஷாமினிகள் தாராளமாகக் குடித்தனம் செய்யலாம்.

“ஆன்ட்டி, இத கொஞ்சம் புடிச்சுத் தரணும். ரொம்ப புடிச்சிறாதீங்கலா. குனிஞ்சு வேல செய்யணும்.”

“எதுக்குடி இது? லோரி பட்டறையில வேல கெடச்சிருக்கா?”

“கப்பல்ல போறேன் ஆன்ட்டி.”

வாயில் குண்டூசி இருந்ததால், கைகளைத் தூக்கு என்று சைகை காட்டினேன். (குண்டூசி ஒரு வசதி.)

அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் அளவு நாடாவோடு அவளைச் சுற்றி வந்தேன். அப்படிச் சுற்றும்போது கேட்டதுதான் எல்லாம். அவள் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் படிக்கிறாள். ஆழ்கடலின் தரையில் சில கருவிகளை இரும்புச் சட்டத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று நிலம் அதிர்வதைக் கேட்கும், ஒன்று தண்ணீரின் அழுத்தத்தைப் பார்க்கும், இன்னொன்று திமிங்கிலம் பாடுவது உட்பட எல்லாச் சத்தத்தையும் பதிவு செய்யும். வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் போய் அவற்றை மேலே தூக்கி, சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, மறுபடி அடியில் இறக்கி வைக்க வேண்டும். இந்த வருடம் மாணவர்களையும் கூட்டிப் போகிறார்கள். அதில் இவளும் ஒருத்தி.

“மோட்டர் சர்வீஸ் பண்ற மாதிரிதான் ஆன்ட்டி. கடலுக்கு அடியில பண்றோம், அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். நான் ஞாயிறு பதிப்பில் கதை எழுதுகிறவள். மோகனா என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள், பார்க்காவிட்டாலும் குறையில்லை. நான் கால் பக்கத்தை மடித்து ஊசி குத்தும்போதே, இந்தப் பெண்ணைக் கதையாக எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அவளிடம் சொல்லவும் செய்தேன்.

“எழுதுங்க. ஆனா பொய்யா எழுதாதீங்க,” என்றாள்.

கதை எழுதுகிறவளிடம் சொல்லும் பேச்சா இது?

2

முதல் தொடக்கம்:

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கப்பலில் வந்து இறங்கிய தோட்டப்புறக் கூட்டத்தின் வாரிசு, இன்று மீண்டும் ஒரு கப்பலில் கால்வைத்—

வேண்டாம். கப்பல் என்ற சொல்லைக் கண்டதும் நம்மில் யாருக்கானாலும் கை அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. ஷாமினியின் கொள்ளுத்தாத்தா கப்பலில்தான் வந்திருப்பார். அவர் பாவம், அவரை விட்டுவிடுவோம். இவள் போவது பேட்டரி மாற்ற.

இரண்டாம் தொடக்கம்:

கருநீலக் கடல் எல்லையற்று விரிந்து—

நான் பார்த்த ஒரே கடல் போர்ட்டிக்சன் கடல். அதன் நிறம் பால் அதிகமான தேத்தண்ணி. கருநீலத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மூன்றாம் தொடக்கம்:

நல்லசாமி தலையாட்டினார்.

இது நின்றது. நல்லசாமி ஷாமினியின் அப்பா. கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். மகள் கப்பலில் போகட்டுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். சின்ன வாக்கியம், தெளிவான வாக்கியம், கதை ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

தெளிவான வாக்கியம் என்று நினைத்தேனே, அங்கேதான் சறுக்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

3

அந்தக் காட்சியை நான் நேரில் பார்த்தேன். உடுப்பைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். (பார்த்ததால்தான் இவ்வளவு தொல்லை. பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக எழுதியிருப்பேன்.)

வீடு ரந்தாவுக்கு வெளியே உள்ள ஒரு தாமான் குடியிருப்பில். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்குக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். நல்லசாமி தரையில் உட்கார்ந்து மின்சாரக் காற்றாடியைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி புனிதாவுக்குச் செனவாங் தொழிற்சாலையில் வேலை. பேச்சில் கணவனுக்கும் சேர்த்து ஓவர்டைம் செய்கிறவள்.

“அப்பா, கப்பல் விஷயம். பேரு குடுத்துட்டேன், இனி உறுதியாச் சொல்லணும். போவட்டா?” என்றாள் ஷாமினி.

நல்லசாமி காற்றாடி இறக்கையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். இடது தோள் பக்கம் கொஞ்சம், வலது தோள் பக்கம் கொஞ்சம், திரும்பவும் இடது.

“அப்பா சரிங்கிறாரு,” என்றாள் புனிதா. “போய்ட்டு வா. ஆனா அங்க மாட்டு எறச்சி போடுவான், பாத்துச் சாப்புடு. குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோ. நடுக்கடல்ல லைன் கெடைக்குமா? கெடைக்காதா? அலாமாக், அப்ப எப்படிப் பேசுறது?”

அவ்வளவுதான். அப்பாவின் சம்மதம் அம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. நல்லசாமி இறக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தூசி போயிருந்தது.*

* அவர் அன்பில்லாத மனிதர் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஷாமினியைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க, இரவல் காரில் கிழக்குக் கரை வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டிப் போனவர். விடுதி அறைக்குள் போனதும் நாற்காலியில் ஏறி, அங்கிருந்த மின்விசிறியின் ஆணிகளையெல்லாம் முடுக்கிவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகுதான் ஊருக்குத் திரும்பினார்.

4

கப்பல் புறப்பட்டது. எந்தத் துறைமுகம், எந்தக் கடல் என்று எழுதக் கூடாது என்று ஷாமினியின் உத்தரவு. “ப்ரொஃபசர் படிக்க மாட்டாரு, ஆனா யாராவது படிச்சுச் சொல்லிருவாங்க.” ஆகவே வாசகரே, ஒரு கடல். பெரியது. போர்ட்டிக்சன் அல்ல.

கப்பலில் கைப்பேசித் தொடர்பு வரும், போகும். அவள் அனுப்பும் குரல் செய்திகள் காயப்போட்ட துணி மழைக்கு மொத்தமாக உள்ளே வருவதுபோல நாலைந்தாக வந்து விழும். நான் எழுதியதைப் படித்துக் காட்டி அனுப்புவேன். அவள் திருத்தி அனுப்புவாள். என் வாழ்க்கையில் ஒரு கதாபாத்திரம் இவ்வளவு வாய் பேசியதில்லை.

நான் எழுதியது: ‘புயல் கப்பலைப் புரட்டியெடுத்தது. ஷாமினி பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு—’

அவள்: “ஆன்ட்டி, பாய்மரமா? இது என்னா காலத்துக் கப்பல்? இங்க ஜிம் இருக்கு. ஐஸ்கிரீம் மெஷின் இருக்கு. பொயலும் இல்ல. எனக்குத்தான் மூணு நாளு வாந்தி.”

நான் எழுதியது: ‘ஷாமினி மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்தில் குதித்—’

அவள்: “யாரும் குதிக்கல. ரோபோதான் எறங்கும். நாங்க மேல ரூம்ல உக்காந்து டிவியில பாக்குறோம். இருட்டு, இருட்டு, இருட்டு, அப்புறம் திடீர்னு நம்ம சட்டம் அங்க நிக்குது ஆன்ட்டி. போன வருசம் வச்ச எடத்துலயே. எனக்கு ஏன்னு தெரியல, அழுகை வந்துருச்சு.”

இதை நான் கண்டுபிடித்து எழுதியிருக்க முடியாது. திருத்தாமல் அப்படியே வைக்கிறேன்.

சட்டத்தை மேலே தூக்கினார்கள். ஒரு வருடத்தில் அதன்மேல் என்னென்னவோ குடியேறியிருந்தன. வெள்ளைப் பூ மாதிரி சில, நூல் மாதிரிப் புழுக்கள், பெயர் தெரியாத வழுவழுப்பு ஒன்று. மாணவர்கள் அவற்றைப் பதமாகப் பிரித்துக் குப்பிகளில் போட்டார்கள். பிறகு தூரிகையும் கையுமாகச் சட்டத்தைத் தேய்த்தார்கள். ஷாமினியின் ஆரஞ்சு உடுப்பு முழங்காலில் கறுத்துவிட்டதாம். தையல் எங்கும் விடவில்லையாம். (இந்த வரி கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை.)

5

இப்போது விபத்து. விபத்து என்று சொன்னால் அவள் கோபப்படுவாள். சம்பவம்.

புதுப் பேட்டரி போட்ட சட்டத்தைப் பளுதூக்கியில் மாட்டி, கப்பலின் விளிம்பைத் தாண்டித் தூக்கி, மெதுவாகக் கடலில் இறக்க வேண்டும். ஆடாமல் இருக்க நான்கு பக்கமும் கயிறு கட்டி ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கயிறு ஷாமினியிடம். இறக்குவதற்கு முன் கருவிகளின் கண்களை மூடியிருக்கும் சிவப்பு மூடிகளைக் கழற்றுவதும் அவள் பொறுப்பு. கழற்றினாள். எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேல்தளத்து வேலையெல்லாம் போசன் என்பவரின் கையில். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் எப்படியோ, கப்பலில் போசன் அப்படி. பிலிப்பீன்ஸ்காரர்.*

* சில நாடுகளில் பக்கவாட்டில் தலையாட்டினால் ஆமாம் என்று அர்த்தமாம், எங்கோ படித்தேன். போசனை அந்த ஊர்க்காரராக மாற்றிவிட்டால் கதை அழகாகச் சிக்கலாகும் என்று ஆசைப்பட்டேன். “ஆன்ட்டி, அவரு பிலிப்பினோ,” என்றாள். சரி, பிலிப்பினோ.

இயந்திரச் சத்தத்தில் வாய்ப் பேச்சு கேட்காது. சட்டம் காற்றில் தொங்குகிறது. போசன் ஷாமினியைப் பார்த்து, மூடி எல்லாம் கழற்றியாச்சா என்று கையால் கேட்டார்.

ஷாமினி தலையாட்டினாள்.

எப்படி ஆட்டினாள்? அவள் அப்பாவின் மகள் எப்படி ஆட்டுவாளோ அப்படி. இடது தோள் கொஞ்சம், வலது தோள் கொஞ்சம்.

போசன் பார்த்தது: இல்லை.

அவர் ‘நிறுத்து’ என்று கைமுஷ்டியை மடக்கி உயர்த்தினார். பளுதூக்கி அப்படியே நின்றது. நின்ற நேரம் பார்த்து ஓர் அலை கப்பலைச் சாய்த்தது. தொங்கிக்கொண்டிருந்த சட்டம் ஊஞ்சலாடிப் போய்க் கப்பலின் பக்கத்தில் மோதியது. ஒரு கருவியின் கை வளைந்தது. யாருக்கும் அடியில்லை. சட்டத்தைத் திரும்பத் தளத்தில் வைத்துப் பழுது பார்ப்பதற்குள் கடல் கெட்டுப்போயிற்று. அன்றைய வேலை போனது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். “நீ கொஞ்ச நாளைக்கு உள்ள கம்ப்யூட்டர் பாத்துக்கோ,” என்று மட்டும் சொன்னார்கள்.

அவள் போசனைத் தேடிப் போய், நான் ஆமாம் என்றுதான் சொன்னேன் என்று விளக்கினாள். அவர் இரண்டு புருவத்தையும் தூக்கினார். ‘அப்படியா?’ என்று கிண்டல் செய்கிறார் போல என்று இவள் மறுபடியும் விளக்கினாள். மறுபடியும் புருவம். மூன்றாம் முறையும் புருவம். ஷாமினி உள்ளே போய் அழுதாள்.

கப்பல் சமையல்காரரும் அதே ஊர்க்காரர். அவர்தான் தட்டில் சோறு வைத்துவிட்டுச் சொன்னாராம்: எங்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தம். அவர் உன்னிடம் மூன்று முறை ஆமாம், ஆமாம், புரிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

“சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு ஆன்ட்டி. நான் ஆமான்னு தலைய ஆட்டுறேன், அவரு ஆமான்னு புருவத்தத் தூக்குறாரு, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வெளங்கல!”

மறுநாள் போசனே வந்து அவளைக் கயிற்றுக்குக் கூப்பிட்டாராம். தன் வாயைத் தொட்டுக் காட்டி, “யெஸ். நோ. மௌத்!” என்றாராம். மூடி எல்லாம் கழற்றியாச்சா என்று கேட்டபோது ஷாமினி போட்ட ‘யெஸ்’ஸில் தூங்கிக்கொண்டிருந்த ப்ரொஃபசர் எழுந்து வந்துவிட்டாராம். சட்டம் கடலுக்குள் இறங்கியது. அதே இடத்தில், அதே இருட்டில், சரியாகப் போய் நின்றது.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. எடிட்டருக்கும் பிடித்திருக்கும்.

6

முடிக்க விடவில்லை. இரவல் கொடுத்த சொல்லைத் திருப்பிக் கேட்பதுபோல என் மூன்றாம் தொடக்கம் வந்து எதிரே நின்றது. நல்லசாமி தலையாட்டினார்.

இதன் பொருள் என்ன?

நான் பிறந்தது தோட்டத்தில். அங்கே தலையாட்டலில் வகைகள் உண்டு. “நாளைக்கு அந்தப் பக்கத்து மர நெரைக்குப் போறியா?” என்று மண்டோர் கேட்டால் ஒரு ஆட்டல் ஆட்டுவார்கள். ஆமாம் போல இருக்கும். ‘நீங்க சொல்லிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டேன், மத்தத நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்பதுதான் அதன் முழு விளக்கம். கல்யாணப் பேச்சில் பெண்ணின் அப்பா ஆட்டுவது வேறு. சாவு வீட்டில் ‘ஆகவேண்டியதைப் பாருங்க’ என்று ஆட்டுவது வேறு. ஆமாம் என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம், இல்லை என்று சொன்னால் வேலை போகும் என்ற இடத்தில் வாழ்ந்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் அசைவு தேவைப்பட்டது. அதை அவர்கள் கழுத்தில் வைத்துக்கொண்டார்கள்.

(கட்டுரை மாதிரிப் போகிறது என்று தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பிவிடுகிறேன்.)

என் பழைய கதைகளை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் யாராவது தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வசனம் எழுதச் சோம்பல் வந்த இடத்திலெல்லாம் நான் ஒரு தலையாட்டலைப் போட்டு நகர்ந்திருக்கிறேன். ஒரு கதையில் கதாநாயகியின் கல்யாணமே ஒரு தலையாட்டலில் நிச்சயமாகிறது. ரெம்பாவ்விலிருந்து ஒரு வாசகி போன் செய்து, “அந்தப் பொண்ணு சம்மதிச்சிச்சா இல்லையாம்மா?” என்று கேட்டார். சரியாகப் படியுங்கள் என்று எரிச்சலோடு சொன்னேன். அவர்தான் சரியாகப் படித்திருக்கிறார்.

‘ஆமோதிப்பாகத் தலையசைத்தார்’ என்று எழுதலாம். ‘மறுப்பாகத் தலையசைத்தார்’ என்றும் எழுதலாம். இரண்டும் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் நன்றாக இருக்கும். நல்லசாமி அண்ணன் செய்தது இரண்டும் இல்லை. நான் பார்த்தேன். பார்த்தும் என்னவென்று தெரியவில்லை.

7

இதே கேள்வி நடுக்கடலில் இன்னொருத்திக்கும் வந்திருக்கிறது. அந்தக் குரல் செய்தியை அப்படியே எழுதுகிறேன். பின்னால் காற்றுச் சத்தம்.

“ஆன்ட்டி, ஒரு விஷயம். இங்க ஒரு பையனுக்கு முடியல, அடுத்த ட்ரிப்புக்கு அவன் வரல. தெக்க இதே மாதிரி இன்னொரு ஸ்டேஷன் இருக்கு, அதையும் தூக்கணும். ப்ரொஃபசர் என்னைய இருக்கச் சொல்றாரு. எனக்கு இருக்கணும் ஆன்ட்டி. ரொம்ப இருக்கணும். கப்பல் எண்ணெ ஏத்த கரைக்குப் போவுது, அதுக்குள்ள நான் சொல்லியாவணும். அம்மாகிட்ட கேட்டா ‘அப்பா சரிங்கிறாரு’ன்னு ஒடனே சொல்லிரும். எனக்கு அது வேணாம். அன்னிக்கு அப்பா தலைய ஆட்டுனாருல்ல, நீங்களும் இருந்தீங்கல்ல, அது ஆமாவா இல்லையா? போசன் என்னையத் தப்பாப் பாத்த மாதிரி நான் அப்பாவத் தப்பாப் பாத்திருந்தா? எனக்குத் தெரிஞ்ச நாளா அப்பா வாயத் தொறந்து எனக்கு ஆமான்னு சொன்னதே இல்ல. இல்லன்னும் சொன்னதில்ல. நீங்க போய்க் கேளுங்க ஆன்ட்டி. அவரு வேணாம்னா நான் எறங்கி வந்துர்றேன். கோவமெல்லாம் இல்ல. அப்பா வாயால கேட்டாப் போதும்.”

இப்போது சொல்லுங்கள். இது கதாபாத்திரமா? கதாபாத்திரங்கள் ஆசிரியருக்கு வேலை வைக்குமா?

8

எனக்கு முன்னால் இருந்த முடிவுகள்:

முதலாவது, நல்லசாமி கண்ணீர் மல்க ‘போய் வா மகளே’ என்கிறார். கடலில் சூரியன் உதி—

போதும்.

இன்னொன்று, நல்லசாமி கடுமையாக மறுக்கிறார், மகள் மீறுகிறாள், ஆணாதிக்கம் உடைகிறது. எடிட்டருக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் மின்விசிறிக்கு ஆணி முடுக்கிய மனிதரை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அதனால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

9

எண்ணெய் ஆலைக்கு முன்னால் லோரிகள் வரிசையாக நிற்கும். முன்னால் உள்ளது எடைமேடைக்கு நகர்ந்தால் பின்னால் உள்ளது ஒரு லோரி நீளம் நகரும். வெயில், புகை, வேகவைத்த செம்பனையின் புளித்த வாடை. நல்லசாமி அண்ணன் லோரி நடுவில் நின்றது.

“என்னா தங்கச்சி இங்க? ஏறு, ஏறு, வெயிலு,” என்றார். இந்த மனிதர் பேசவே மாட்டார் என்று நான் எழுதி வைத்திருப்பதை இப்போது திருத்த வேண்டும். மற்றவர்களிடம் பேசுகிறார்.

சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக ஏறி உட்கார்ந்தேன். மகளின் செய்தியைப் போட்டுக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும், “இன்னொரு தரம் போடு,” என்றார். போட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு நீங்க தலைய ஆட்டுனது ஆமாவா, இல்லையா?”

அவர் தலையாட்டினார்.

சத்தியமாக. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, அதைப் பார்க்கவே வந்து, கண் இமைக்காமல் பார்த்தேன். தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைப்பேசியை அவர் கையில் திணித்தேன். “எங்கிட்ட வேணாம். புள்ளகிட்ட சொல்லுங்க. இத அமுக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசணும். கைய எடுத்தாப் போயிரும்.”

அவர் கட்டைவிரலால் அழுத்தினார். கைப்பேசியை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத் தலையாட்டினார். விரலை எடுத்தார்.

லோரி இன்ஜின் சத்தம் மட்டும் ஒரு குரல் செய்தியாக ஷாமினிக்குப் போனது.

“அண்ணே! இதுல படம் தெரியாது!”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு நின்றது. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“ரெண்டும்தான் தங்கச்சி.”

“எது?”

“போவணும். நல்லாப் படிக்குது, போவணும். போவவும் கூடாது. அது கண்ணுக்கு முன்னால இல்லாம எனக்குச் சோறு எறங்கல. ரெண்டும்தான். ஆமான்னு சொன்னா ஒண்ணு பொய்யாயிரும். இல்லன்னு சொன்னா இன்னொண்ணு பொய்யாயிரும். அதான் அப்படி ஆட்டுனது.”

நான் எழுத வந்த இத்தனை வருடத்தில் அந்த அசைவுக்கு இவ்வளவு சரியான விளக்கத்தைக் கேட்டதில்லை.

“அப்ப அதயே சொல்லுங்கண்ணே.”

“இதயா?”

“இதத்தான். இதுக்குத்தான் அது காத்துக்கிட்டு இருக்கு.”

அவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கத்துக் கதவைக் காட்டினார். “நீ கொஞ்சம் எறங்கிக்க.”

இறங்கினேன். முன்னால் போய் வெயிலில் நின்றேன். கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. கைப்பேசி வாய்க்கு அருகில் இருந்தது. வாய் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. தலை அசையவில்லை. அவ்வளவு நேரமும் தலை அசையவே இல்லை.

முன்னால் நின்ற லோரி எடைமேடைக்கு நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் தலையை வெளியே நீட்டி, “தூங்கிட்டியா லா?” என்று கத்தினான். நல்லசாமி அண்ணன் வண்டியை நகர்த்தவில்லை. சொல்லி முடிக்கிறவரைக்கும் நகர்த்தவில்லை.

10

அந்தச் செய்தி என் கைப்பேசியில் இருக்கிறது. அழுத்தினால் கேட்கும். இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. ஷாமினியின் கப்பலில் லைன் இல்லை போலிருக்கிறது. ஆனால் கரைக்குத்தானே போகிறது, இன்றோ நாளையோ கிடைத்துவிடும்.

எடிட்டர் கூப்பிட்டார். “முடிவு உங்க கையிலயே இருக்கேம்மா. அமுக்கிப் பாத்துட்டு எழுதிக் குடுங்க.”

முடியாது என்று சொன்னேன். வாயால் சொன்னேன். அது எனக்குச் சொன்னது இல்லை. ‘போவணும்’, ‘போவக் கூடாது’ இரண்டும் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எதை முதலில் சொன்னார், எதைச் சொல்லி முடித்தார் என்பது தெரியாது. இரண்டையும் கேட்டபின் ஷாமினி அந்தத் தெற்குப் பக்கத்துக் கடலுக்குப் போகிறாளா, பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாளா என்பதும் தெரியாது. என்ன செய்தாலும் தெரிந்து செய்வாள். எனக்கு அது போதும்.

திரையில் அதன் நீளம் மட்டும் தெரிகிறது. ஆமாம் என்று சொல்ல அவ்வளவு நேரம் பிடிக்காது. இல்லை என்று சொல்லவும் பிடிக்காது.

ஆகையால் கடைசி வாக்கியம் உங்களுடையது. அதை எழுதி எனக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் உங்கள் தலையாட்டலைப் பார்த்துவிட்டு, இன்னும் என்னவென்று தெரியாமல் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். இரண்டும்தான் என்றால் இரண்டையும் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தால் அடித்துக்கொண்டு போகட்டும்.